தண்ணீர் ஊற்றினால் போகாதது

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ (1966) கதையை நம்மில் பலர் அந்த அம்மாவுக்காகவே கொண்டாடுகிறோம். மகள் தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள், நடந்ததை யாருக்கும் சொல்லாமல் மறைக்கிறாள். பெரிய மனசுதான். ஆனா, அந்தப் பெண் கர்ப்பமாகியிருந்தால்? கதை அந்தப் பக்கமே போகவில்லை. ஒரு ராத்திரிக்கு அம்மாவின் தைரியம் போதும்; ஒன்பது மாதத்துக்கு?

பேராக்கில் லயம் போய் தாமான் வந்தாலும் சுவருக்குக் காது இருக்கிறது. பதினாறு வயசுப் பிள்ளைக்கு நாள் தள்ளிப்போனால் முதலில் வருவது கல்யாணப் பேச்சு. 1976 திருமணச் சட்டப்படி அதற்கு மந்திரி பெசார் அனுமதி வேணும், அதையும் வாங்கிடலாம்னு ஒரு மாமா சொல்வார். தாயின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஆபத்து என்று டாக்டர் கருதினால் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு கருக்கலைப்புக்கு இடம் தருகிறது என்பதை எந்த மாமாவும் சொல்வதில்லை. 2010இல் ஆர்ஃபன்கேர் திறந்த குழந்தைத் தொட்டில் பெட்டாலிங் ஜெயாவில், ஈப்போவிலிருந்து இருநூறு கிலோமீட்டர். 15999க்கு அடிக்கலாம், போனை வீட்டில் பிடுங்கி வைக்காமல் இருந்தால்.

அதனால் எனக்கு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’தான் நேர்மையான புத்தகம். அதில் அம்மா கத்திவிடுகிறாள், அண்ணன் விரட்டுகிறான், ஆதரவு தரும் மாமா அதற்கு விலை கேட்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த மாமாவை நல்லாவே தெரியும்.