பொதுச் சட்டம், தனித்தனிக் கஜானா

1957இல் ரோம் நகரில் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று ஒரு பிரிவு உண்டு. எண் 119. பெண்ணுரிமைப் பற்றினால் அது அங்கே இடம்பெறவில்லை. பிரான்சில் அப்போதே சம ஊதியச் சட்டம் இருந்தது. அண்டை நாட்டு ஆலைகள் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுத்துத் துணிச் சந்தையைப் பிடித்துவிடும் என்று பிரெஞ்சு முதலாளிகள் பயந்தார்கள். 119ஐ எழுத வைத்தது அந்தப் பயம்தான். பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியமாக வளர்ந்த அமைப்பின் சமூகக் கொள்கை இப்படித்தான் பிறந்தது: சந்தை ஒழுங்காக நடக்க வேண்டும், அதற்குத் தேவையான அளவுக்குத் தொழிலாளிக்குப் பாதுகாப்பு. அந்தப் பிறவிக்குணம் இன்றும் முழுதாகப் போகவில்லை.

ஆனாலும் பயத்தில் எழுதிய பிரிவு உரிமையாக மாறியது. பெல்ஜியத்தின் சபேனா விமான நிறுவனத்தில் கப்ரியேல் டெஃப்ரென் பணிப்பெண். அதே வேலையைச் செய்த ஆண் ஊழியருக்கு அவரைவிடச் சம்பளம் அதிகம். போதாக்குறைக்கு, பெண்ணாக இருந்தால் நாற்பது வயதோடு வேலை முடிந்தது என்று பணி ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். ஆணுக்கு அந்த நிபந்தனை கிடையாது. 1968 பிப்ரவரியில் டெஃப்ரெனை வீட்டுக்கு அனுப்பினார்கள். எலியான் வோகல்-போல்ஸ்கி என்ற வழக்கறிஞர் வழக்கை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1976 ஏப்ரல் 8 அன்று தீர்ப்பு வந்தது. 119 என்பது அரசுகளுக்குச் சொன்ன புத்திமதி அல்ல. ஒரு தொழிலாளி தன் நாட்டு நீதிமன்றத்திலேயே நேராகக் கேட்டுப் பெறக்கூடிய உரிமை.

கொண்டாட வேண்டிய தீர்ப்புதான், ஆனால் அதற்குள்ளேயே ஒரு பின்வாங்கலும் இருக்கிறது. பழைய பாக்கியையெல்லாம் கேட்கத் தொடங்கினால் தாங்காது என்று பிரிட்டனும் அயர்லாந்தும் முறையிட்டன. ஏற்கெனவே வழக்குத் தொடுத்தவர்களைத் தவிர மற்றவர்கள் பழைய வித்தியாசத்தைக் கேட்க முடியாது என்று நீதிமன்றம் கதவைச் சாத்தியது. நாற்பது வயது நிபந்தனையை எதிர்த்த டெஃப்ரெனின் வாதம் 1978இல் தோற்றது. அது ஊதியம் சம்பந்தப்பட்டதல்ல, பணி நிபந்தனை என்றார்கள்.

இருந்தாலும் இந்த நீதிமன்ற வழி ஐரோப்பாவுக்கு நன்றாகவே கைகொடுத்தது. வேலையில் இருக்கும் ஒருவர் நீதிமன்றப் படியேறிக் கேட்கக்கூடிய உரிமை எங்கெல்லாம் எழுதப்பட்டதோ, அங்கெல்லாம் பொதுக் கொள்கை பலன் தந்திருக்கிறது. 1993இல் வந்த வேலைநேர ஆணை, வாரத்துக்குச் சராசரி 48 மணிக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு நான்கு வாரம் ஊதியத்தோடு விடுமுறை உண்டு என்றது. பிரிட்டன் எதிர்த்து வழக்காடி 1996இல் தோற்றது. பிரிட்டிஷ் தொழிலாளர் எல்லோருக்குமான சம்பள விடுமுறை 1998இல் சட்டமானது இதனால்தான்.

சட்டம் செய்யும் முறையிலும் ஒரு புதுமை இருந்தது. ஐரோப்பிய அளவிலான தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் அமைப்பும் தாங்களே பேசி ஒப்பந்தம் போட்டால், அதை அப்படியே சட்டமாக்கலாம். பெற்றோர் விடுப்பு 1996இல் அப்படித்தான் வந்தது. கேட்க அழகான ஏற்பாடு. ஆனால் 2012இல் முடிதிருத்துவோர் துறையில் இரு தரப்பும் கைகளின் தோல்நோய், இடுப்புவலி, ரசாயனச் சாயம் பற்றியெல்லாம் பேசி ஒப்பந்தம் போட்டபோது, இதற்கெல்லாம் ஐரோப்பியச் சட்டமா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. சட்ட வரைவை முன்வைக்க வேண்டிய ஐரோப்பிய ஆணையம் அதைக் கிடப்பில் போட்டது. நாள் முழுக்க நின்றபடி, ஈரக் கையோடு, ரசாயனத்தில் புழங்கும் தொழிலில் தோல்நோய் சில்லறை விஷயம் என்று சிரித்தவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, பேசி முடித்ததை எடுத்துக்கொள்ள மறுத்ததுதான் இதில் பெரிய குறை.

அதைவிட ஆழமான காயம் ஸ்வீடனில் விழுந்தது. 2004இல் ஸ்டாக்ஹோம் அருகே வாக்ஸ்ஹோமில் ஒரு பள்ளிக் கட்டட வேலைக்கு லாவல் என்ற லாட்விய நிறுவனம் தன் ஆட்களை அனுப்பியது. ஸ்வீடனில் சட்டத்தில் எழுதிய குறைந்தபட்ச ஊதியம் கிடையாது. சங்கமும் நிறுவனமும் பேசி முடிப்பதுதான் கூலி. லாவல் உள்ளூர் ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கட்டடத் தொழிலாளர் சங்கம் பணியிடத்தை மறித்தது, மின்பணியாளர் சங்கமும் சேர்ந்துகொண்டது. வழக்கு லக்சம்பர்க் போனது. 2007 டிசம்பரில், இந்தப் போராட்டம் எல்லை தாண்டிச் சேவை செய்யும் சுதந்திரத்தைத் தடுக்கிறது என்று தீர்ப்பு. சங்கங்கள் இழப்பீடு கட்ட நேர்ந்தது.

லாட்வியத் தொழிலாளியின் பக்கம் நின்று பார்த்தால் கதை வேறு. அவருக்கு அந்தக் கூலி ஊரில் கிடைப்பதைவிட மேல்; வேலை நின்றதில் நஷ்டம் அவருக்கும்தான். பணக்கார நாட்டுத் தொழிலாளியின் பாதுகாப்பு ஏழை நாட்டுத் தொழிலாளிக்கு அடைத்த கதவாகத் தெரிவது பொய்யல்ல. ஆனால் அந்த முரணைப் பேசித் தீர்க்காமல் போராட்டத்துக்கு விலை வைத்தது தவறு என்பேன். 2018இல்தான் விதி திருந்தியது: வெளிநாட்டிலிருந்து அனுப்பப்பட்டவருக்கும் அந்த இடத்தின் முழு ஊதியம். ஹங்கேரியும் போலந்தும் எதிர்த்து வழக்காடி 2020இல் தோற்றன.

ஒன்றியத்தின் ஒப்பந்தம், 153ஆம் பிரிவில், ஊதிய நிர்ணயம் பொது அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்கிறது. 2012இல் கிரேக்கம் கடனில் மூழ்கிக் கிடந்தபோது அந்த வரியை யாரும் நினைவூட்டவில்லை. ஆணையமும் ஐரோப்பிய மத்திய வங்கியும் பன்னாட்டு நிதியமும் சேர்ந்து விதித்த கடன் நிபந்தனைகளின்படி, மாதம் 751 யூரோவாக இருந்த குறைந்தபட்ச ஊதியம் 586ஆனது. 25 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வெட்டு 32 சதவீதம். கூலியை உயர்த்த அதிகாரம் இல்லாத அமைப்புக்கு, குறைக்க மட்டும் வழி கிடைத்தது.

பத்தாண்டு கழித்து அதே ஒன்றியம் 2022இல் குறைந்தபட்ச ஊதிய ஆணை கொண்டுவந்ததை ஒருவகைப் பிராயச்சித்தம் என்றே வாசிக்கிறேன். அது எந்தத் தொகையையும் விதிக்கவில்லை. நாட்டின் இடைநிலை ஊதியத்தில் 60 சதவீதம் போன்ற அளவுகோலை வைத்துப் பாருங்கள் என்கிறது. கூட்டு பேரத்தின் கீழ் 80 சதவீதத் தொழிலாளர் வராத நாடுகள் செயல்திட்டம் தர வேண்டும் என்கிறது. டென்மார்க் இதை எதிர்த்து வழக்காடியது. தங்கள் சங்கங்கள் பேசி முடிப்பதில் பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஒன்றியத்துக்கு என்ன வேலை என்பது அவர்கள் கேள்வி. லாவல் வழக்குக்குப் பிறகு அது நியாயமான சந்தேகமே. 2025 நவம்பரில் நீதிமன்றம் இரண்டு விதிகளை மட்டும் நீக்கி மற்றதை நிலைநிறுத்தியது. பல்கேரியாவில் 2025 தொடக்கத்தில் குறைந்தபட்ச ஊதியம் மாதம் 551 யூரோ, லக்சம்பர்க்கில் 2,638. ஒரே தொகை எழுத முடியாத இடத்தில் ஒரே அளவுகோல் என்பது புத்திசாலித்தனமான சமரசம்.

ஒன்றியம் அவ்வப்போது அறிவிக்கும் இலக்குகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2010க்குள் வேலைவாய்ப்பு 70 சதவீதம் என்றது 2000ஆம் ஆண்டின் லிஸ்பன் மாநாடு, எட்டவில்லை. 2020க்குள் 2 கோடிப் பேரை வறுமையிலிருந்து மீட்போம் என்றார்கள்; அதுவும் எட்டவில்லை. 2030க்கு இப்போது 1.5 கோடி. தவறினால் யாருக்கும் தண்டனையில்லாத இலக்கு ஏட்டுச் சுரைக்காய்தான்.

வேலையில் இருப்பவருக்கு இத்தனை ஆணைகள்; வேலை போனவருக்கு? உதவித்தொகை அந்தந்த நாட்டின் கஜானாவைப் பொறுத்தது. நெருக்கடி வந்தால் எங்கே அதிகம் பேர் வேலை இழக்கிறார்களோ, அங்கேதான் கஜானாவும் முதலில் வற்றுகிறது. 2013இல் கிரேக்கத்திலும் ஸ்பெயினிலும் வேலை தேடிய இளைஞர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வேலையில்லை. அன்று அவர்களுக்கு அறிவித்த இளைஞர் உத்தரவாதத் திட்டத்தின் நிதி, அந்தப் பள்ளத்துக்கு முன் சிறு தொகை.

கோவிட் காலத்தில் மட்டும் இது மாறியது. 2020இல் ஷூர் என்ற திட்டத்தின் கீழ் ஒன்றியம் தன் பெயரில் கடன் பத்திரம் வெளியிட்டு, 19 நாடுகளுக்கு ஏறத்தாழ 9,800 கோடி யூரோ குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. ஆட்களை நீக்காமல் வேலைநேரத்தைக் குறைத்து, குறைந்த சம்பளத்தை அரசு ஈடுகட்ட அந்தப் பணம் உதவியது. கிரேக்கத்துக்குப் போட்டது போன்ற வெட்டு நிபந்தனை எதுவும் இல்லை.

இப்படிப் பொதுக் கஜானா வந்தால் நிரந்தரமாகப் பணம் கொடுத்துக்கொண்டிருக்க நேரும் என்று வட நாடுகளின் நிதியமைச்சகங்கள் அஞ்சுவதில் அர்த்தமுண்டு. ஆனால் ஷூர் திருப்பிக் கட்ட வேண்டிய கடன். அது 2022 டிசம்பரோடு முடிந்தது. வேலையின்மைக்குப் பொதுக் காப்பீடு கொண்டுவருவதாக ஆணையத் தலைவர் உர்சுலா ஃபோன் டெர் லேயன் 2019இல் சொன்னது இன்னும் சட்டமாகவில்லை. அடுத்த நெருக்கடி வரும்போது ஷூருக்காகப் புரட்டிய ஒப்பந்தத்தின் அவசரகாலப் பிரிவை மறுபடி புரட்ட வேண்டியதுதான்.