பத்தடியில் ஒரு வானம்

சீலிங்கில் நீலம் அடித்து, ஸ்பாஞ்சால் வெள்ளையை ஒற்றி ஒற்றி மேகம் வரவழைப்பது போட்டோவில் பிரமாதமாகத்தான் இருக்கிறது. அறைக்குள் நின்று அண்ணாந்தால் பெரும்பாலும் சப்பென்று போய்விடுகிறது. குறை பெயின்டர் கையில் இல்லை என்பது என் கட்சி.

வெளியே வெளிச்சம் தருவதே வானம்தான். அறைக்குள் எல்லாம் தலைகீழ். ஜன்னல் வழியே பக்கவாட்டில் நுழையும் ஒளி தரையிலும் சுவரிலும் பட்டு, மிச்சம் மீதிதான் சீலிங்குக்குப் போகிறது. அதையாவது கீழே திருப்பி அனுப்பட்டும் என்றுதான் அங்கே வெள்ளை அடிக்கிறோம். நீலம் அந்த மிச்சத்திலும் ஒரு பங்கை விழுங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே நிஜ வானம் கண்ணைக் கூச, தலைக்கு மேலிருப்பது மழைக்கால மாலை மாதிரி மங்கிக் கிடக்கும்.

மேகத்திலும் கோளாறு. உச்சிக்கு நேரே வரும் மேகத்தின் அடிப்பாகம்தான் நமக்குத் தெரியும். தட்டையாக, லேசாகச் சாம்பல் பூத்து இருக்கும். சீலிங்கில் வரைவதோ தொலைவில் பொங்கி நிற்கும் மேகத்தின் பக்கத்தோற்றம். நீலமும் உச்சியில் அடர்ந்து, அடிவானத்தை நெருங்க நெருங்க வெளுக்க வேண்டும். நடுவில் அடர்த்தியும் ஓரத்தில் வெளுப்புமாக, ஈரம் காய்வதற்குள் இழைக்கத் தெரிந்தவர் கிடைத்தால் பாதிப் பிழை தீரும். மீதிப் பாதி உயரம். பத்தடியில் இருக்கும் பரப்பை இரண்டு கண்ணும் சேர்ந்து அளந்துவிடும். நாம் நடந்தால் நிஜ மேகம் கூடவே வரும். இது ஃபேனோடு சேர்ந்து பின்தங்கிவிடும்.

ரோமில் சான்ட் இக்னாசியோ தேவாலயத்தின் விதானத்தை ஆந்திரேயா பொட்ஸோ 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் திறந்த வானமாக்கிக் காட்டினார். அந்த மண்டபத்தின் உயரம் அவருக்குக் கைகொடுத்தது. அப்படியும் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்பதற்குத் தரையில் ஒரு சலவைக்கல் வட்டம் தேவைப்பட்டது. மாந்துவா அரண்மனையில் ஆந்திரேயா மாந்தேன்யா 1474இல் முடித்த அறை நம் கணக்குக்கு இன்னும் கிட்டே வருகிறது. அவர் கூரை முழுக்க வானம் தீட்டவில்லை. நடுவில் மட்டும் வட்டமாக ஒரு திறப்பு, சுற்றிலும் கைப்பிடிச்சுவர், அதன்மேல் சாய்ந்து நம்மை எட்டிப் பார்க்கும் பெண்கள், எந்நேரமும் விழலாம் போல ஒரு குறுக்குக் கம்பின்மேல் இருக்கும் செடித்தொட்டி. நம்பவைக்கும் வேலையை நீலத்திடம் விடாமல் அந்த விளிம்பிடம் கொடுத்திருக்கிறார். வீடுகளில் முதலில் கைவிடப்படுவது அந்த விளிம்புதான்.

சித்தன்னவாசல் ஓவியர்கள் ஏமாற்றவே முயலவில்லை. அந்தத் தாழ்வான குடைவரையின் விதானத்தில் அவர்கள் தீட்டியது தாமரைக் குளம். மீனும் எருமையும் பூப்பறிப்பவர்களும் அதில் உண்டு. தலைக்கு மேல் குளமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பராமரிப்பும் சேர்ந்துகொள்கிறது. மொட்டைமாடியிலிருந்து ஓதம் இறங்கினால் வெள்ளைச் சீலிங்குக்குப் பட்டி பார்த்து ஒரு கோட் போதும். இழைத்த நீலத்தில் டச்சப் செய்த இடம் துருத்திக்கொண்டு தெரியும்; முழுசாக மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

ஆகவே ஹாலுக்கு வேண்டாம், படிக்கும் அறைக்கு வேண்டவே வேண்டாம். குழந்தைகள் அறையில் ஆசை விடவில்லையென்றால் மேகத்தைத் தவிர்த்து, பார்டர் கட்டி, பளபளக்காத மேட் எமல்ஷனில் அடிக்கலாம். அதையும் அரைமனதோடுதான் சொல்கிறேன். இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கர் இதைவிட மலிவு. விளக்கை அணைத்த பிறகு சீலிங் எத்தனை அடியில் இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது என்பதால், அந்த மாயம் கொஞ்ச நேரமாவது பலிக்கிறது. அதை வெள்ளையின் மேலேயே ஒட்டிக்கொள்ளலாம்.