சவாய் ஜெயசிங்கரின் கற்கருவிகள்

ஜெய்ப்பூர் மன்னர் சவாய் ஜெயசிங்கர் (இறப்பு 1743) தில்லி, ஜெய்ப்பூர், உச்சயினி, காசி, மதுரா ஆகிய ஐந்து நகரங்களில் வானாய்வுக்கூடங்கள் எடுப்பித்தார். தொலைகாட்டி தோன்றி நூறாண்டு கடந்த பின்னரும் கல்லாலும் சுண்ணத்தாலும் கருவி செய்தமையின் அவரைப் பழமைவாதியெனக் காட்டுவோர் உளர். அம்மதிப்பீடு எமக்கு உடன்பாடன்று. முகம்மது ஷாவின் பெயரால் அவர் அமைத்த 'சீஜ்' என்னும் வானியற் பட்டியலின் முன்னுரையிலேயே இதற்கு விடை உண்டு.

முதலிற் சமர்க்கந்து மரபைப் பின்பற்றிப் பித்தளைக் கருவிகள் செய்வித்ததாகவும், அவை சிறியனவாதலின் கலைப் பிரிவுகளைக் குறிக்க இடம் போதாமலும், அச்சுக்கள் தேய்ந்து ஆடியும், வட்டங்களின் மையம் பெயர்ந்தும் பிழைபட்டதாகவும் அவர் கூறுகின்றார். பழுது எவ்விடத்திற் பிறக்கும் என்பதைக் கட்டத் தொடங்குமுன்னரே வினாவினார் என்பதே இங்குப் போற்றத்தக்கது. தேய்வது அச்சாயின் அச்சில்லாக் கருவியே வேண்டும் எனத் துணிந்தார். ஜெய்ப்பூரின் பெரிய சம்ராட் யந்திரம் ஏறத்தாழ 27 மீற்றர் உயரமுடையது. அதில் அசையும் உறுப்பு யாதுமில்லை, நிழலே அசைகின்றது. கட்டின் சாய்வு அவ்வூரின் அகலக்கோட்டுக்குச் சமம், ஏறத்தாழ 27 பாகை. (மயிலிட்டியிற் கட்டுவதாயின் 10 பாகைக்குச் சற்றுக் குறையும். நம் கரையின் உப்புக்காற்றில் உலோகம் படும் பாட்டை அறிந்தோர் கல்லைத் தேர்ந்தமைக்காக அவரை எள்ளார்.)

ஆயினும் குறைகூற இடமுண்டு. கால்வட்டத்தின் ஆரை ஏறத்தாழ 15 மீற்றராதலின் நிழல் செக்கனுக்கு ஒரு மில்லிமீற்றருக்குச் சிறிது கூடுதலாக நகரும். ஆனால் ஞாயிறு புள்ளியன்று, அரைப் பாகை அகன்ற வட்டம். எனவே நிழலின் விளிம்பு ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் அகலத்துக்கு மங்கிப் பரவுகின்றது. கருவியைப் பெருப்பித்தால் அளவுகோல் விரியும். மங்கலும் அதே விகிதத்தில் விரியும். நூலொன்றைப் பிடித்து நுணுகி வாசிக்கலாமென்பது மெய்யே. எனினும் அத்திருத்தம் கட்டின் பருமனால் வந்ததன்று.

மற்றைக் குறை இதனினும் பெரிது. அச்சுத் தேய்ந்தால் அச்சை மாற்றலாம். அத்திவாரம் இறங்கினால் யாது செய்வது? ஜெய்ப்பூரில் 1901இற் பெரும் புதுப்பிப்பு வேண்டியதாயிற்று. மதுராக்கூடம் அடியோடு அழிந்தது. தேயாமையை ஆழ எண்ணியவர் திருத்தும் வழியை அவ்வளவு எண்ணினார் என்று கொள்ளுதல் அரிது. 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைகாட்டியின் ஆடி பிழையாகத் தீட்டப்பட்டிருந்தும் அது 1993இற் பயன்பெற்றமைக்கு, விண்வெளிவீரர் சென்று பாகம் மாற்றத்தக்கதாக அது தொடக்கத்திலேயே வகுக்கப்பட்டிருந்தமையே காரணம்.

இவ்விரு நோக்கும் ஒருங்கே அமைந்தமையை உதகமண்டலத்தையடுத்த முத்தோரையிற் காணலாம். கோவிந்த் சுவரூப் தலைமையில் 1970இல் நிறைவெய்திய அவ்வானொலித் தொலைகாட்டி 530 மீற்றர் நீளமும் 30 மீற்றர் அகலமும் உடையது. அகலக்கோட்டுக்குச் சமமாக ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த மலைச்சரிவைத் தேர்ந்து, அதன்மீது வடக்குத் தெற்காகக் கருவியைக் கிடத்தினர். ஆகவே அதன் நீளம் புவியச்சுக்கு இணையாயிற்று. ஒரேயொரு சுழற்சியால் வான்பொருளை மணிக்கணக்கிற் பின்தொடரலாம். வடக்குத் தெற்காகத் திருப்பும் வேலையை மின்முறை ஏற்றுக்கொண்டது. ஜெயசிங்கர் கட்டிய சாய்வை இவர்கள் மலையிடமிருந்தே பெற்றனர் எனலாம். 24 சட்டங்களின்மேல் நீட்டப்பட்ட 1100 மெல்லிய துருவேறா உருக்குக் கம்பிகளே தெறிபரப்பு. காற்று ஊடே சென்றுவிடும். கம்பியொன்று அறுந்தால் அதனை மாத்திரம் மாற்றலாம். குவியக்கோட்டிலுள்ள ஏற்பி வரிசையும் பிற்காலத்தில் மாற்றி மேம்படுத்தப்பட்டது; மலையும் சட்டங்களும் அவ்வாறே நின்றன.