ஏழைகளின் இமாரத்

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி (1900–1989) எழுதிய நூலொன்று மூன்று மொழிகளில் மூன்று பெயர்களோடு உலவுகிறது. 1970இல் பிரெஞ்சில் வந்தபோது அதன் பெயர் ‘மக்களோடு கட்டுதல்’. 1973இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தார் ஆங்கிலத்தில் வெளியிட்டபோது ‘ஏழைகளுக்கான கட்டடக்கலை’. அரபியிலோ ‘இமாரத்துல் ஃபுகரா’. இது இளாஃபத்துத் தொடராதலின், ‘ஏழைகளின்’ என்றும் ‘ஏழைகளுக்கான’ என்றும் இருபொருள்பட நிற்கிறது. ஆசிரியர் மக்களோடு கட்டினாரா, மக்களுக்காகக் கட்டினாரா? இந்நூலை மதிப்பிடுவோர் கேட்கவேண்டிய கேள்வி இதுவே என நாம் கருதுகிறோம்.

லக்ஸர் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பண்டைய எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள் மீது குர்னா மக்கள் வீடு கட்டி வாழ்ந்தனர். கல்லறைத் திருட்டு பெருகவே, ஏறத்தாழ 7,000 பேரையும் வேறிடத்தில் குடியேற்ற முடிவு செய்த தொல்பொருள் இலாகா, 1945இல் அப்பணியை ஃபத்ஹியிடம் ஒப்படைத்தது. சிமெண்டும் இரும்பும் வேண்டாமென ஒதுக்கி, பச்சை மண்கல்லாலேயே அவர் ஊரை எழுப்பலானார். மரச்சாரம் இன்றி வளைகூரை கட்டவல்ல நூபியக் கொத்தர்களை அஸ்வானிலிருந்து வரவழைத்தார்.

தெருக்களைப் பற்றிய பகுதியே நூலின் உயிர்நிலை. பெருந்தெருக்களுக்குக் குறைந்தது 10 மீட்டர் அகலம். உறவினர் குழுவொன்று கூடி வாழும் முற்றத்துக்குச் செல்லும் தெருவுக்கோ 6 மீட்டருக்கு மேற்படாத அகலமும் பல திருப்பங்களும். அந்நியர் அதனைக் குறுக்குவழியாக்க மாட்டார். நடப்பவர்க்கு நிழலும் கிட்டும். பள்ளிக்கூடத்தில் ‘மல்கஃப்’ என்னும் காற்றுவாங்கியை அமைத்து, உள்ளே நனைந்த கரியின் வழியே காற்றைச் செலுத்தி, வெப்பத்தை 10 டிகிரி அளவுக்குத் தணித்ததாகவும் ஆசிரியர் கூறுகிறார். குளிர்சாதனப் பெட்டிகள் சுவர்தோறும் தொங்கும் இந்நாளில் அதைப் படிக்கையில் நமக்குச் சிறிது வெட்கமாகவே இருக்கிறது.

ஆயினும் குர்னா மக்கள் அவ்வூருக்குக் குடிவர மறுத்தனர். அணை உடைக்கப்பட்டுக் கட்டுமானத்துள் வெள்ளம் புகுந்தது. திட்டமிட்டதில் ஒரு பகுதியே முற்றுப்பெற்றது. காரணம் கூறுமிடத்தில் ஆசிரியர் அதிகாரிகளின் கோப்புகளையும், கல்லறைகளைத் தோண்டிப் பிழைத்தோரின் பேராசையையும் சாடுகிறார். சாடுதலில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அம்மக்களின் பிழைப்பெல்லாம், கூடாததும் கூடியதுமாக, அக்குன்றிலேயே இருந்தது. ஒவ்வொரு சந்தின் அகலத்தையும் அளந்தவர், வீட்டிலிருந்து பிழைப்புக்குச் செல்லும் வழியை அளக்கத் தவறிவிட்டார். கைத்தொழில் பயிற்சிக்கு அவர் வகுத்த ஏற்பாடு அவ்விழப்பை ஈடுசெய்யப் போதவில்லை. அவர் போற்றிய குவிமாடங்களோ, அம்மக்களுக்கு அவுலியாக்களின் அடக்கத்தலங்களையே நினைவூட்டின என்பர் பின்வந்த ஆய்வாளர்கள்.

பாதையைப் பற்றிப் பிணக்கு நேர்ந்தால் அதனை ஏழு முழமாக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பிணக்கு நேர்ந்தால் என்னும் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் தமக்குள் இணங்கிக்கொண்டால் முழக்கோலுக்கு அங்கே வேலையில்லை. தெருவின் அளவில் முதற்சொல் அங்கு வாழ்வோருடையது என்றே நாம் இதற்குப் பொருள் கொள்கிறோம். குர்னாவில் அச்சொல் கடைசியில்தான் கேட்கப்பட்டது, அதுவும் மறுப்பாக.

‘இமாரத்’ என்ற சொல்லையும் மறந்துவிடலாகாது. பள்ளிவாசல்களை இமாரத் செய்வோரைத் திருமறை (9:18) குறிப்பிடுமிடத்தில், கட்டுதலோடு தொழுகையால் அவற்றை உயிர்ப்பித்தலும் அடங்கும் என்பர் முஃபஸ்ஸிர்கள். மக்கள் கூடிவாழும் வாழ்வையே இப்னு கல்தூன் ‘உம்ரான்’ என்றார். ஆயுளைக் குறிக்கும் ‘உம்ர்’ என்பதும் அதே வேரினது. வேறு குடும்பங்கள் பிற்பாடு புதுக் குர்னாவில் குடியேறின. நிலத்தடி ஈரமும் உப்பும் சுவர்களை அரித்தன. பல வீடுகள் இடிக்கப்பட்டுச் சுட்ட செங்கல்லும் காங்கிரீட்டும் அவ்விடத்தில் எழுந்தன. இதனைச் சீரழிவு என்றே பலர் எழுதுகின்றனர். தம் வீட்டைத் தாமே மாற்றிக் கட்டியபோதுதான் அவ்வேழைகள் அதற்கு உரியவராயினர் என்று சொல்லவும் இடமுண்டு.

1980இல் ஆகாகான் கட்டடக்கலை விருதின் தலைவர் பரிசு ஃபத்ஹிக்கு வழங்கப்பெற்றது. அப்பெருமைக்கு அவர் முற்றும் தகுதியுடையவரே. தம் தோல்வியை இத்துணை விரிவாக எழுதிவைத்த கலைஞர் வேறொருவரை நாம் அறியோம். பின்னிணைப்பில் மண்கல் அறுப்பதற்கான செலவுக் கணக்கும் உள்ளது. கட்டடத் தொழிலில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் அப்பக்கங்களிலிருந்தே நூலைத் தொடங்கலாம்.