கதவுக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்

வட ஆப்பிரிக்காவின் வீட்டுக் கதவுகளைப் படமாகப் பார்த்தவர்கள் அதிகம். நீலம், மஞ்சள், பச்சை என்று கட்டம் கட்டமாக அடுக்கிச் சுவரொட்டியாகவும் காலண்டராகவும் விற்கிறார்கள். அந்தப் படங்களில் கதவு இருக்கும். சுற்றியுள்ள சுவரை வெட்டியிருப்பார்கள். ரசனை தடம் மாறுவது அங்கேதான். துனிசியத் தலைநகர் துனிஸின் பழைய நகரமான மெதினாவில் ஒரு சந்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது சுண்ணாம்பு பூசிய மொட்டைச் சுவர். கண் மட்டத்தில் ஜன்னலே அபூர்வம். உள்ளே பளிங்கு பாவிய முற்றமும், வண்ண ஓடு பதித்த சுவர்களும், நுணுக்கமான சுதைவேலையும் இருக்கலாம். அதன் சாயல்கூட வெளியே தெரியாது. அந்த வீடு தெருவோடு பேசும் ஒரே இடம் கதவு. இதை ஓர் ஓவியம்போலப் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். யார் எதைப் பார்க்கலாம், யார் எதுவரை வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் கருவியாகப் பார்த்தால் அதன் அழகும் அடையாளங்களும் சேர்ந்தே புரியும் என்பது என் கட்சி.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது கதவின் இருப்பிடம். எதிர்ச் சுவரைத் திரும்பிப் பாருங்கள். குறுகிய சந்துகளில் ஒரு வீட்டு வாசலுக்கு நேர் எதிரே இன்னொரு வாசல் பெரும்பாலும் இருக்காது, சற்றே தள்ளியிருக்கும். இது தற்செயல் அல்ல. 14-ஆம் நூற்றாண்டில் துனிஸில் வாழ்ந்த இப்னு அல்-ராமி என்ற கட்டடக் கலைஞர், இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான மாலிகி மரபின்படி கட்டடத் தகராறுகளுக்கான தீர்வுகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். அந்த மரபில், முட்டுச்சந்தில் புதிதாக வாசல் திறக்க அங்கே குடியிருக்கும் மற்றவர்களின் சம்மதம் வேண்டும். எதிர்வீட்டுக்காரரின் அந்தரங்கம் கெடும்படி வாசல் வைக்கக் கூடாது. பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, சலாம் சொன்ன பிறகே நுழைய வேண்டும் என்ற குர்ஆனின் கட்டளை, இப்படிக் கல்லிலும் மரத்திலும் இறங்கியிருக்கிறது. கதவு திறந்திருந்தாலும் முற்றம் தெரியாது. உள்ளே 'ஸ்கிஃபா' எனப்படும் ரேழி இருக்கும். அது வளைந்து திரும்பித்தான் முற்றத்துக்குப் போகும். கதவு பாதி மறைப்பதை வளைந்த ரேழி முழுதாக மறைத்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்த ஒரே ஏற்பாடு அது.

அடுத்து ஆணிகள். துனிஸ் கதவு என்றாலே நினைவுக்கு வருவது கருத்த குமிழ் ஆணிகளால் ஆன கோலம்தான். ஆனால் அந்த ஆணிகள் அலங்காரத்துக்காகப் பிறந்தவை அல்ல. செங்குத்தான பலகைகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, பின்புறம் குறுக்குச் சட்டங்கள் வைத்து, முன்னாலிருந்து ஆணி அடித்து இறுக்கினால்தான் கதவே நிற்கும். கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள்: சில வரிசைகள் இம்மி பிசகாமல் நேராகக் கிடைமட்டமாக ஓடும், அவற்றின் பின்னால் குறுக்குச் சட்டம் இருக்கிறது என்று அர்த்தம். வரிசைகளுக்கு இடைப்பட்ட வெளியில்தான் ஆணிகள் விடுதலை பெற்று வளைவாக, நட்சத்திரமாக, பிறையாக, தூணும் வளைவுமாக விரிகின்றன. கையால் அடித்த பழைய ஆணியின் தலை முழு வட்டமாக இருக்காது. ஒன்றுக்கொன்று அளவும் மாறும். மஞ்சள் சாயத்தின் மேல் துருவின் கசிவு கோடாக இறங்கியிருக்கும். சாய்வெயிலில் ஒவ்வொரு குமிழும் ஒரு சின்ன நிழலைப் போட, கோலம் இரட்டிப்பாகும். உச்சிவெயிலில் இது கிடைக்காது. இயந்திர ஆணி அடித்த புதுக்கதவில் எந்த வெயிலிலும் கிடைக்காது.

பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு, நம் கோட்டை வாசல்களில் இருக்கும் திட்டிவாசல்போல, பல வீடுகளில் உண்டு. அங்கே அதற்கு 'கூக்கா' என்று பெயர். அன்றாடம் ஆட்கள் புழங்குவது அதன் வழியே; குனிந்துதான் நுழைய முடியும். வருகிறவரின் வேகத்தையும் பார்வையையும் ஒரே நேரத்தில் தாழ்த்திவிடும் ஏற்பாடு இது. தட்டுவதற்கான இரும்பு வளையங்கள் ஒன்றுக்கு மேல் இருப்பதும் இதையொட்டித்தான். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, தாழ்வாகக் குழந்தைகளுக்கு ஒன்று என்று துனிஸில் பரவலாகச் சொல்வார்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்து தேவதாருக் கதவுகளில் பெரிய கதவுக்கு ஒரு வளையம், திட்டிவாசலுக்கு ஒன்று; உறவினருக்கும் அந்நியருக்கும் தனித்தனி ஓசை என்பார்கள். எல்லாக் கதவுகளும் இந்த விளக்கத்துக்கு அடங்காது. ஆனால் கனமும் இடமும் மாறினால் ஓசை மாறும் என்பதில் சந்தேகமில்லை. கண்ணுக்குத் தடை போட்ட வீடு காது வழியே ஆளை அடையாளம் காண்கிறது. இந்தக் கதவுகளை ரசிக்கிறவர் ஓசையை மறந்தால் நஷ்டம் அவருக்குத்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கை, மீன், கண், பிறை என்று இத்தனை அடையாளங்கள் இருக்கும்போது அவற்றைக் கடைசிக்குத் தள்ளலாமா? அடையாளங்கள் முக்கியம்தான். ஐந்து விரல் கையான 'கம்சா' கண்ணேறு கழிப்பது. முஸ்லிம்களும் வட ஆப்பிரிக்க யூதர்களும் அதைப் பொதுவில் வைத்துக்கொண்டார்கள். மீனும் அப்படியே; துனிசியாவில் யாரையாவது பாராட்டினால் திருஷ்டி படாதிருக்க "மீன் உன்மேல்" என்று சொல்வது இன்றும் வழக்கு. ஆனால் இவை வாசலில் ஏன் இடம் பிடித்தன என்பதைக் கவனியுங்கள். பொறாமைப் பார்வை வீட்டைத் தொடக்கூடிய ஒரே இடம் அதுதான். மொட்டைச் சுவரும் வளைந்த ரேழியும் செய்யும் வேலையைத்தான் கையும் மீனும் வேறு மொழியில் செய்கின்றன. இந்தப் பிடிமானம் இல்லாமல் அடையாளம் தேடப் போனால் முக்கோணமெல்லாம் பண்டைய கார்த்தேஜ் நகரத்தின் தானித் தேவியாகவும், குறுக்குக்கோடெல்லாம் சிலுவையாகவும் தெரியும். ஆணியைக் கோத்தால் முக்கோணம் தானாக வரும். ஒவ்வொன்றுக்கும் புராணம் தேவையில்லை.

நீல நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துனிஸுக்கு அருகிலுள்ள சிதி பூ சயீத் என்ற ஊரின் நீலமும் வெள்ளையும் தொன்றுதொட்டு வந்த மரபு என்று பலர் நம்புகிறார்கள். அங்கே மாளிகை கட்டிக் குடியேறிய இசை அறிஞர் பாரன் ருடோல்ஃப் தெர்லாஞ்சே எடுத்த முயற்சியால் 1915-இல் அந்த ஊரின் தோற்றத்தைக் காக்கும் ஆணை வந்தது. இன்றைய சீரான நீலம் அதற்குப் பிறகு நிலைத்தது. மெதினாவின் பழைய கதவுகளில் காவிமஞ்சளும் பச்சையும்தான் கூடுதல்.

இன்னொரு மறுப்பு கனமானது. அந்தரங்கம் என்ற பெயரில் பெண்களை அடைத்துவைத்த கதவை அழகு என்று கொண்டாடலாமா? இதைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. பார்வையைத் தடுத்த அதே கதவு பெண்களின் நடமாட்டத்தையும் தடுத்தது. ஆனால் சுவரை வெட்டிவிட்டு வண்ணத்தை மட்டும் கொண்டாடும் படமே இந்தக் கேள்வியை மறைக்கிறது. கருவியாகப் பார்க்கிறவருக்கு அது யாரைக் காத்தது, யாரைக் கட்டியது என்ற இரண்டும் தெரியும். இரண்டும் தெரிந்த பிறகும் தச்சரின் கைத்திறமை குறைந்துவிடுவதில்லை.

துனிஸ் போக வாய்ப்புக் கிடைத்தால் மெதினாவின் பாஷா தெருவில் தொடங்குங்கள். தார் ஒத்மான் மாளிகையின் கறுப்பு வெள்ளைக் கல் முகப்பையும் விட்டுவிடாதீர்கள். சுவர், எதிர்வாசல், ஆணி, வளையம், அதன் பிறகு அடையாளம் என்ற வரிசையில் பாருங்கள். படத்துக்காக வளையத்தைத் தட்டாதீர்கள். பல கதவுகளுக்குப் பின்னால் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.