கத்தரிக்கோலும் கட்டடமும்

ஓசூர்த் தொழிற்பேட்டையில், ரம்பப் பற்களைப் போன்ற கூரையுடைய தொழிற்கூடம் ஒன்றை ஒளிப்படக் கருவியின் வழியே நோக்குங்கள். வானத்தையும் வாயிற்கதவையும் விலக்கிவிட்டால் எஞ்சுவது முக்கோணங்களின் வரிசை மட்டுமே. கட்டடம் மறைந்து கோலம் பிறக்கிறது. அக்கோலம் கட்டடத்துக்கு உண்மையாய் இருக்கிறதா என்பதே என் கேள்வி.

இவ்வகைப் படங்களின் முன்னோடிகளுள் ஒருவர் லூசியன் எர்வே. 1910இல் அங்கேரியில் பிறந்து பிரான்சில் வாழ்ந்தவர். மார்செய் நகரில் லெ கொர்புசியே எழுப்பிவந்த குடியிருப்பைப் பார்த்துவருமாறு அவரைத் தூண்டியவர் தொமினிக்கன் துறவியான அருட்தந்தை கூத்தூரியே. 1949இல் அங்குச் சென்ற எர்வே ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். அவற்றைக் கண்டு வியந்த லெ கொர்புசியே, 1965இல் தாம் மறையும்வரை அவரையே தம் ஒளிப்படக் கலைஞராகக் கொண்டார். எர்வே 1955இலும் 1961இலும் இந்தியா வந்து சண்டிகரையும் படம்பிடித்தார்.

எர்வேயின் கைக்கருவிகளுள் கத்தரிக்கோலும் ஒன்று. அச்சிட்ட படத்தைக் கூசாமல் வெட்டுவார். ஒரு சுவரின் விளிம்பும் ஒரு நிழலும் போதும் அவருக்கு. லெ தொரோனே மடத்தைப் பற்றி 1956இல் வெளிவந்த அவருடைய நூலில், பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கற்களின்மேல் வெயில் நகர்வதே பொருளாகிறது. சண்டிகர்ப் படங்கள் அனைத்தும் எனக்கு அவ்வாறு நிறைவளிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெயில்தடுப்புப் பலகைகள் வெறும் சதுரங்களாகச் சுருங்கும் இடங்களில் கண் மகிழ்கிறது, மனம் விலகிவிடுகிறது. ஆயினும் நிழல் கத்தியாய் விழும் படங்களில், அப்பலகைகளை வேண்டிநின்ற வடநாட்டு வெம்மை அப்படியே இருக்கிறது. எர்வே எவ்வளவு வெட்டினாலும் கதிரவன் எத்திசையில் நிற்கிறான் என்பதை வெட்டுவதில்லை.

நம் ஓசூர்க் கூரைக்கு வருவோம். அப்பற்களின் செங்குத்தான முகத்தில் கண்ணாடி பதித்து, அதை வடக்கு நோக்கி வைப்பது வழக்கம். ஆண்டின் பெரும்பகுதியில் நேர்வெயில் படாமல், சீரான வெளிச்சம் வேலை செய்பவர் கைமேல் விழவேண்டும் என்பதற்காகவே அந்த வடிவம். இன்று கணினியில் அதே கூரையை இடம்வலமாகத் திருப்பி ஒட்டி, மலர்போல விரியும் கோலமாக்குகிறார்கள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒட்டிய கணத்திலேயே பாதிக் கண்ணாடிகள் தெற்கே திரும்பிவிடுகின்றன. கீழே கடைசல் எந்திரத்தின்மேல் கண்கூச வெயில் அடிக்கிறது.