எதிர்க்குரல் இருந்தவரை

இந்திப் படக் கவ்வாலி மீது நெடுநாளாக ஒரு குற்றச்சாட்டு உண்டு. தர்காவில் இறைவனையும் சூஃபி ஞானிகளையும் நோக்கிப் பாடப்பட்டதைப் பம்பாய் ஸ்டூடியோக்கள் இழுத்து வந்து, காதலியின் கண்ணுக்கும் முகத்திரைக்கும் பாட வைத்துவிட்டன என்பதே அது. இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால், 1960-இல் ரோஷன் இசையமைத்த 'பர்சாத் கீ ராத்' கவ்வாலியும் 1977-இல் வந்த 'அமர் அக்பர் அந்தோணி' கவ்வாலியும் ஒரே தட்டில் விழும். இரண்டையும் கேட்ட காது அதை ஒப்புக்கொள்ளாது. மேலும், கவிஞர் அமீர் குஸ்ரோ காலம் தொட்டே சூஃபிப் பாட்டு காதலின் மொழியில்தான் இறைவனிடம் பேசிவந்திருக்கிறது. ஆகவே பக்தியா காதலா என்ற கேள்வி நம்மை வெகுதூரம் கொண்டுபோகாது. பாட்டின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

தர்காக் கவ்வாலியில் ஓர் அடியைத் தலைமைப் பாடகர் எடுப்பார், குழு வாங்கித் திருப்பும், கைத்தட்டும் டோலக்கும் அதை மேலே தள்ளும். நடுவே வேறொரு கவிதையின் அடியைச் செருகிவிட்டுப் பழைய அடிக்கே திரும்புவார்கள். திரும்பும்போது அந்தப் பழைய அடிக்குப் புதிய பொருள் ஏறியிருக்கும். கேட்பவர் ஒருவர் உருகிவிட்டால், அவர் தெளியும்வரை அந்த ஒரே அடியில் நிற்பார்கள். திரும்பத் திரும்பப் பாடி வளர்வது, செருகலால் பொருள் மாறுவது, எதிரே ஒருவரை வென்றெடுப்பது ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் கவ்வாலி. படக் கவ்வாலியையும் இந்த மூன்றால்தான் நிறுக்க வேண்டும்.

சினிமா முதலில் செய்த பெரிய மாற்றம் மூன்றாவதில்தான். உருகிக் கேட்பவர் இருந்த இடத்தில் அது ஒரு போட்டியாளரை உட்கார வைத்தது. அந்த இடத்துக்குப் பெண்ணையும் கொண்டுவந்தது. ஆண்களே பாடிவந்த ஒரு மரபில், 1945-இல் வெளிவந்த 'ஜீனத்' படத்துக்காக நூர்ஜஹானும் ஜோஹ்ராபாய் அம்பாலேவாலியும் கல்யாணியும் சேர்ந்து ஒரு கவ்வாலி பாடினார்கள். தர்கா கொடுக்காத ஒன்றை சினிமா கொடுத்தது என்று சொல்ல இது ஒன்று போதும். 1958-இல் 'அல் ஹிலால்' படத்துக்கு இஸ்மாயில் ஆசாத் என்ற தொழில்முறைக் கவ்வாலே, அதாவது கவ்வாலி பாடகரே, வந்து பாடினார். அழகிகளைப் பற்றிய புலம்பல்தான் பொருள். ஆனால் அடியைப் பிடித்து வளர்க்கும் முறை அசல் கவ்வாலி அவையுடையது. பொருள் இறங்கினாலும் வடிவம் நிற்க முடியும் என்பதற்கு அந்தப் பாட்டே சாட்சி.

உச்சம் 1960. அந்த ஆண்டின் 'முகல்-ஏ-ஆஸம்' படத்தில் இசையமைப்பாளர் நௌஷாத், லதா மங்கேஷ்கரையும் ஷம்ஷாத் பேகத்தையும் எதிரெதிரே நிறுத்தினார். காதலின் பயன் என்ன என்பதே வழக்கு. ஷம்ஷாத்தின் குரல் பஹார் என்ற பாத்திரத்துக்கு, லதாவின் குரல் நாயகி அனார்கலிக்கு. நீதிபதி இளவரசர் சலீம். ரோஜாவை அவர் பஹாருக்குக் கொடுக்கிறார், முட்களை அனார்கலிக்கு. முட்கள் வாடும் என்ற அச்சம் இல்லை என்று சொல்லி அனார்கலி அவற்றை ஏற்கிறாள். படத்தின் முடிவு முழுவதும் அந்த ஒரு கணத்தில் அடங்கியிருக்கிறது. நாடகமாக இதை விஞ்ச ஆளில்லை. ஆனால் கவ்வாலியாகப் பார்த்தால் ஒரு குறை: நௌஷாத் இரு தரப்பையும் சமமாக, அழகாக, அடக்கமாகவே வைத்திருக்கிறார். சூடு ஏறவே இல்லை.

அந்தச் சூடு 'பர்சாத் கீ ராத்'தில் இருக்கிறது. ஒரே படத்தில் பல கவ்வாலிகள். அவற்றில் ஒன்றில் ஆஷா போஸ்லே, சுதா மல்ஹோத்ராவுக்கு எதிரே சங்கர்–சம்பு என்ற அசல் கவ்வால் சகோதரர்கள் பாடுகிறார்கள். கடைசிக் கவ்வாலி சுமார் 12 நிமிடம். மன்னா டே, எஸ்.டி. பாதிஷ், ஆஷா, சுதா, ரஃபி என ஐந்து குரல்கள். மெட்டு ரோஷனின் சொந்தச் சொத்து என்று சொல்ல முடியாது. கவ்வாலி பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானின் தந்தையும் அவருடைய சகோதரரும் பாடிவந்த ஒரு கவ்வாலியின் வழியில் வந்தது அது. அதனால் அவர் மதிப்பு குறைவதில்லை. தர்காவிலிருந்து வந்த சரக்கை அதன் நடைமுறையோடு திரைக்குக் கொண்டுவந்தவர் அவர் என்பதே அதன் பொருள்.

பாடலாசிரியர் சாஹிர் லூதியான்வி அந்த மெட்டுக்குள் செய்ததைக் கவனியுங்கள். பயணக்கூட்டமும் வழித்துணையும் தேவையில்லை என்று தொடங்குகிற பாட்டு காதல் என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு செருகல்கள் வருகின்றன: புல்லாங்குழல் கேட்டு ஊர்ப்பழிக்கு அஞ்சாமல் புறப்படும் ராதை, காட்டில் அலையும் ஜனகன் மகள், நஞ்சுக் கோப்பையைக் குடிக்கும் மீரா, அப்புறம் புத்தர், ஏசு, குர்ஆன். ஒவ்வொரு முறையும் பாட்டு அதே சொல்லுக்குத் திரும்புகிறது, ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் பெரிதாகிறது. நாம் சொன்ன மூன்று அளவுகோலும் இங்கே முழுமையாக நிறைவேறுகின்றன. காதல் பாட்டாகத் தொடங்கிய போட்டி இறைவனிடம் போய் நிற்கிறது. சினிமா கவ்வாலியைக் கெடுத்தது என்பவர்கள் முதலில் இந்தப் பாட்டுக்குப் பதில் சொல்லட்டும்.

பிறகு என்ன நடந்தது? நீளம் குறைந்ததால் படக் கவ்வாலி வீழ்ந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. 'அமர் அக்பர் அந்தோணி'யின் முகத்திரைக் கவ்வாலியும் நீளமான பாட்டுத்தான். லக்ஷ்மிகாந்த்–பியாரேலாலின் தாளக்கட்டு துள்ளுகிறது, ரஃபியின் குரலில் இளமை பொங்குகிறது. ஆனால் நாயகன் முகம் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறான், நாயகிக்கு ஒரு வரிகூடப் பாட்டு இல்லை. திரையை விலக்குவதுதான் அவள் தரும் பதில். 1945 முதல் பெண்ணுக்குக் கிடைத்திருந்த வாதிடும் உரிமை இந்தப் பாட்டில் பறிபோகிறது. அதே ஆண்டு 'ஹம் கிஸிஸே கம் நஹீன்' படத்தில் ஆர்.டி. பர்மன் ஆஷாவையும் ரஃபியையும் பாட வைத்தார். அங்கே பெண் குரல் உண்டு, வேகமும் உண்டு, ஆனால் இருவரும் ஒரே பக்கம். மறுத்துப் பேச ஆளில்லாததால் பாட்டு சூளுரையாக முடிகிறது.

பக்தியைத் திரும்பக் கொண்டுவந்தால் வடிவமும் திரும்பிவிடுமா? 'கரம் ஹவா' படத்தில் அஜீஸ் அகமது கான் வார்ஸி பாடிய, சூஃபி ஞானி சலீம் சிஷ்தியை நோக்கிய கவ்வாலியில் திரும்பியது. காரணம், இயக்குநர் எம்.எஸ். சத்யூ ஓர் உண்மையான கவ்வாலை அவர் போக்கில் பாட விட்டார். ஏ.ஆர். ரஹ்மானின் 'ஜோதா அக்பர்' (2008), 'ராக்ஸ்டார்' (2011) பாடல்களில் பக்தி சுத்தமானது, அதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் அவை ஒரு மனநிலையில் தொடங்கி, அதையே ஆழப்படுத்தி, அதிலேயே முடிகின்றன. அடி திரும்பி வரும்போது அமைதி கூடுகிறது, பொருள் மாறுவதில்லை. உயர்ந்த பிரார்த்தனைப் பாடல்கள் என்றே அவற்றைச் சொல்வேன். கவ்வாலி என்ற முறையில் அவை ரோஷனுக்குப் பின்னால்தான் நிற்கும்.

ஆக, காதலைப் பாடியதால் படக் கவ்வாலி கெடவில்லை. எதிர்த்துப் பாடும் குரலையும், ஓர் அடியைப் புரட்டிப் புரட்டிப் புதிதாக்கும் கவிஞரையும் கைவிட்ட பிறகே அது மெலிந்தது. அந்த இரண்டும் இருந்த காலத்தின் சிறந்த படைப்பு 'பர்சாத் கீ ராத்'தின் கடைசிக் கவ்வாலி. அதைத் துண்டாகக் கேட்காதீர்கள். 12 நிமிடமும் ஒரே மூச்சில் கேளுங்கள், பிறகு உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள்.